உணவூட்டல் சிகிச்சை அறையில் உணவை அனுமதிக்க வேண்டி

அனுப்புநர்:
காலைமுறை அறிவிப்பாளர்,
மத்தியப் பேருந்து நிலையம்.
(தங்கள் மருத்துவமனையில் ‘பயில்வான்’ என்று அறியப்படும் சிறுவனின் தாய்)

பெறுநர்:
உயர்திரு மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
அரசு குழந்தைகள் மருத்துவமனை.

பொருள்: குழந்தைகளுக்குச் சாப்பிடவும் பேசவும் பயிற்சி தரும் அறையில் சாப்பாட்டையும் பேச்சையும் மீண்டும் அனுமதிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. நிர்வாக அலுவலர் அவர்களின் தூய்மைச் சுற்றறிக்கை. 2. மேற்படி அலுவலரின் மேசையில் இருந்த பிஸ்கட் தட்டு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய பை கேட்பாரற்றுக் கிடக்கிறது என்பதை ஒலிபெருக்கியில் கனிவாகச் சொல்வது என் தொழில். வண்டி வராவிட்டாலும் குரலில் கனிவு குறையக் கூடாது என்பது எங்கள் நிலையத்தின் விதி. அந்தப் பழக்கத்திலேயே இந்த மனுவையும் எழுதுகிறேன். எங்காவது கனிவு குறைந்து தெரிந்தால், தாயாகிவிட்டேன் என்று பொறுத்தருள வேண்டும்.

2. என் மகனுக்கு வயது மூன்று. நாள் நிறையும் முன்பே அவசரப்பட்டு வந்துவிட்டான். தங்கள் வார்டு செவிலியர் அவனை ஒரு கையில் ஏந்தி, “வாடா பயில்வான், எடை பாக்கலாம்” என்றார். அன்று முதல் அதுவே பெயர். மூக்கு வழியாக வயிற்றுக்குச் சென்ற குழாயில் பல மாதம் பால் குடித்து வளர்ந்தான். அதனால் வாய் என்பது அழுவதற்காக வைக்கப்பட்ட உறுப்பு என்று அவன் முடிவு செய்ததில் வியப்பில்லை. குழாயை எடுத்த பிறகு புட்டிப்பால் மட்டும் இறங்கியது. ஸ்பூனைக் கண்டால் முதுகை வில்லாக வளைப்பான். பக்கத்து வீட்டில் தாளிக்கும் வாசனைக்கே குமட்டுவான். பேச்சும் இல்லை. நாளெல்லாம் பேசிச் சம்பளம் வாங்குகிறவளின் பிள்ளை ஒரு சொல்லும் பேசவில்லை என்று ஊரார் சொன்னதைத் தாங்கள் கேட்டிருக்க வாய்ப்பில்லை. நான் கேட்டேன்.

3. ஆலோசனைக்குக் குறைவில்லை. என் கணவரின் அக்கா வீட்டுக்கு வந்து, “மூக்கைப் பிடிச்சா வாய் தானா தொறக்கும். ஊத்திட வேண்டியதுதான். நாங்கள்லாம் அப்படித்தான் வளந்தோம்” என்றார். நான் அடுப்படியிலிருந்து ஓடி வருவதற்குள் செய்தும் பார்த்தார். வாய் திறந்தது உண்மை. உள்ளே போனதும் அதற்கு முன்பு போனதும் அண்ணியின் புதுப் புடவையில் வந்து சேர்ந்தன. அதன் பிறகு இரண்டு வாரம் அவன் புட்டியையும் நம்பவில்லை. அண்ணி எங்கள் வீட்டுக்கு வருவதையும் நிறுத்திக்கொண்டார். இந்த இரண்டில் ஒன்றை மட்டுமே இங்கே குறையாகத் தெரிவிக்கிறேன்.

4. எடை ஏறாததைக் கண்ட தங்கள் குழந்தை நல மருத்துவர் ஒளிவுமறைவு இல்லாமல் பேசினார். வாய் வழியாகப் போதுமான அளவு இறங்காவிட்டால் வயிற்றில் துளையிட்டுக் குழாய் பொருத்த வேண்டிவரும் என்றார். “அதுல தோல்வி ஒண்ணும் இல்லம்மா, அதுவும் ஒரு வழிதான். ஆனா அதுக்கு முன்னாடி தரைத்தளத்துல ஒருத்தங்க இருக்காங்க, போய்ப் பாருங்க” என்று அனுப்பினார்.

5. தரைத்தளத்தில் இருந்தவர் பேச்சு மற்றும் உணவூட்டல் சிகிச்சையாளர். சோப்புக் குமிழி ஊதிப் பிள்ளைகளை உள்ளே இழுப்பதால் அவரை எல்லோரும் குமிழி அக்கா என்கிறார்கள். லிஃப்ட்டுக்குப் பின்னால் ஒரு சிறு அறை. குட்டை மேசை, குட்டை நாற்காலிகள், துப்புவதற்கென்றே ஒரு நீலக் கிண்ணம். சுவரில் ஒரு குழந்தையின் கை எட்டும் உயரம் வரை பூசணி நிறத்தில் கறை. அதற்கு மேலே சுத்தமான வெள்ளை. பார்த்தவுடனே அது என்ன அறை என்று எனக்குப் புரிந்தது. நிர்வாகத்துக்கும் பின்னாளில் புரிந்தது, வேறு விதமாக.

6. முதல் சில வாரங்கள் என் மகன் அங்கே எதையும் சாப்பிடவில்லை. வேகவைத்து மசித்த பூசணியைப் பார்த்தான். பிறகு விரலால் தொட்டான். பிறகு மேசைக்குப் பூசினான், அக்காவின் சட்டைக் கைக்கும் பூசினான். லேத் பட்டறையில் அரைநாள் விடுப்பு கேட்டு உடன் வந்த என் கணவர் பொறுமை இழந்து, “பூசணிக்காய்ல பெயின்ட் அடிக்கவா லீவு போட்டுட்டு வரோம்?” என்றார். அக்கா சிரிக்காமல், “ஆமா சார். இன்னும் ரெண்டு கோட்டு இருக்கு” என்றார்.

7. ஐயா, அந்த அறையில் முதலில் கற்றுத்தரப்பட்டது சாப்பிடுவது அல்ல, மறுப்பது. கையை வெளிப்பக்கம் தள்ளி வேண்டாம் என்று காட்டினால் தட்டு அந்தக் கணமே நகர்ந்துவிடும். கெஞ்சல் இல்லை, ‘ஒரே ஒரு வாய்’ இல்லை, காக்காய் காட்டி ஏமாற்றுவது இல்லை. “வேணாம்னா நெஜமாவே எடுத்துடுவாங்கன்னு அவனுக்கு நம்பிக்கை வரணும். வந்தாத்தான் பக்கத்துல வருவான்” என்பது அக்காவின் கட்சி. “வேணாம்னு சொல்லக்கூட ட்ரெயினிங்கா? எங்க வீட்ல எல்லாருக்கும் அது தானாவே வருமே” என்பது என் கணவரின் கட்சி. சில நாளில் கையோடு ஒலியும் வந்தது: “ணா.” ‘வேணாம்’ என்பதன் நடு எழுத்து. அவன் வாயிலிருந்து வந்த முதல் அர்த்தமுள்ள ஒலி அதுதான். மற்ற தாய்மார் ‘அம்மா’ என்ற சொல்லுக்காகக் காத்திருப்பார்கள். நான் ‘ணா’வுக்கு அழுதேன்.

8. நம்பிக்கை வந்தது. ஒரு காலை, பூசணியில் தோய்ந்த விரலைத் தானாகவே வாயில் வைத்து உறிஞ்சினான். முகத்தைச் சுளித்தான். மறுபடியும் வைத்தான். என் கணவர் மெல்ல, “இப்ப கை தட்டலாமா?” என்று கேட்டார். கூடாது என்று அக்கா தலையசைத்தார். ஆர்ப்பாட்டம் செய்தால் நிறுத்திவிடுவானாம். ஆகவே எங்கள் குடும்பத்தின் மிகப் பெரிய விசேஷத்தை நாங்கள் மூன்று பெரியவர்களும் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தபடி கொண்டாடினோம்.

9. அதன் பின் மசித்த உருளைக்கிழங்கு வந்தது. வாழைப்பழம் வந்தது. எடை முள் சோம்பல் முறித்து லேசாக நகர்ந்தது. இந்த நிலையில் மருத்துவமனைக்குப் புதிய தரை வந்தது.

10. பளிங்கு போன்ற அந்தத் தரையை யாரும் குறை சொல்ல முடியாது. குனிந்தால் முகம் தெரிகிறது. தூய்மைச் சான்றுக்காக ஆய்வுக் குழு வரவிருப்பதாகவும், எறும்பு, ஈ, கறை ஆகியவற்றுக்கு இடமளிக்கும் வகையில் சிகிச்சை அறைகள் எதிலும் உணவு, பானம் எதுவும் இருக்கக் கூடாது என்றும், இதில் எந்த அறைக்கும் விதிவிலக்கு இல்லை என்றும் சுற்றறிக்கை ஒட்டப்பட்டது. உணவூட்டல் சிகிச்சை அறையின் கதவில் அதை இரண்டு பிரதியாக ஒட்டியிருந்தார்கள். அந்த அறைக்கு இது கூடுதலாகப் பொருந்தும் என்று யாரோ அக்கறையோடு யோசித்திருக்கிறார்கள்.

11. வாசல் காவலர் என் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்து மிகவும் சங்கடப்பட்டார். “உள்ள சாப்பாடு கொண்டுபோக விட வேணாம்னு சொல்லிட்டாங்கம்மா.” சாப்பிடக் கற்றுக்கொள்ளத்தான் பிள்ளையைக் கூட்டி வந்திருக்கிறேன் என்றேன். அவர் டிபன் பாக்ஸை மூடிக் கொடுத்து, “அப்போ முதல்ல கத்துக்கட்டும், அப்புறம் வெளிய வந்து சாப்பிடட்டும்” என்றார். அவரை நான் குறை கூறவில்லை. கொடுக்கப்பட்ட உத்தரவுக்குள் அதைவிட நல்ல யோசனை யாருக்கும் தோன்றியிருக்க முடியாது.

12. சிகிச்சை தடைபடக் கூடாது என்பதில் நிர்வாகமும் உறுதியாகவே இருந்தது. பண்டகசாலையிலிருந்து ஒரு பெட்டி பிளாஸ்டிக் பழங்கள் வழங்கப்பட்டன. என் மகன் பிளாஸ்டிக் வாழைப்பழத்தை விருப்பத்தோடு நக்கினான். அதில் வாசனை இல்லை, பிசுபிசுப்பு இல்லை, வயிற்றுக்குள் போகும் அபாயமும் இல்லை. அவன் பார்வையில் அது குறையே இல்லாத உணவு. ‘நோயாளிகள் பழங்களை ஏற்றுக்கொள்கின்றனர்’ என்று அந்த மாத அறிக்கையில் இடம்பெற்றதாக அறிகிறேன். உண்மை வாழைப்பழத்தை வீட்டில் நீட்டியபோது, பிளாஸ்டிக்கைக் கேட்டுக் கை காட்டினான்.

13. கேன்டீனில் வைத்துச் செய்துகொள்ளலாம் என்று மாற்று ஏற்பாடும் சொல்லப்பட்டது. அங்கே தட்டுகள் மோதும் சத்தத்தில் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். மேலும், வெளி உணவு கொண்டுவரக் கூடாது என்பது கேன்டீனின் விதி. அவரவர் விதியில் அவரவர் உறுதியாக இருக்கும் நிறுவனம் இது என்பதில் ஒரு குடிமகளாக எனக்குப் பெருமைதான். கடைசியில் குமிழி அக்கா இரண்டு ஸ்கூட்டர்களுக்கு நடுவே, வாகனக் கொட்டகையில் பாய் விரித்து உட்கார்ந்தார். என் மகன் அங்கே கால் வாழைப்பழம் தின்றான். பணிநேரத்தில் பணியிடத்தில் இல்லை என்று அக்காவுக்கு மெமோ வந்தது. அடுத்த வாரம் அவரை முதல் மாடியில் காதுப் பரிசோதனைப் பிரிவுக்கு மாற்றினார்கள். அவருடைய அறையில் இப்போது ஆய்வுக் குழுவை உபசரிக்க வாங்கிய தேநீர்க் கோப்பைகள் அடுக்கப்பட்டுள்ளன.

14. இதைப் பற்றி முறையிட நான் மகனோடு நிர்வாக அலுவலரைச் சந்தித்தேன். அவர் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டார் என்பதைப் பதிவு செய்கிறேன். “உக்காருங்கம்மா” என்றார். தேநீரும் ஒரு தட்டு பிஸ்கட்டும் வந்தன. “பில்டிங்குக்குள்ள யாருக்கும் விதிவிலக்கு கெடையாதும்மா. எனக்கும் சேத்துத்தான்” என்று, பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி விளக்கினார். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அவருடையது சிகிச்சை அறை அல்லவே.

15. என் மகன் அந்தப் பிஸ்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அது கோப்பைக்குள் போவதையும், தளர்ந்து வருவதையும், மீசைக்கடியில் மறைவதையும் வாய் பிளந்து கவனித்தான். வீட்டில் நாங்கள் சாப்பிடும்போது எல்லோர் கண்ணும் அவன் மேல்தான் இருக்கும். அவன் முன்னால் உட்கார்ந்து, அவனிடம் எதையும் எதிர்பார்க்காமல், தன் பாட்டுக்குச் சாப்பிட்ட முதல் மனிதர் தங்கள் நிர்வாக அலுவலர்தான். அவர் என்னிடம் விதியை விளக்கிக்கொண்டிருந்தபோது, நனைத்துத் தட்டின் ஓரத்தில் வைத்திருந்த பிஸ்கட்டை எடுத்து என் மகன் வாயில் போட்டுக்கொண்டான்.

16. நான் மின்விசிறியைப் பார்த்தேன். அலுவலருக்கு அந்தப் பயிற்சி இல்லை. “அட! சாப்பிடறானே! நல்லா சாப்பிடறானே!” என்று பலமாகக் கை தட்டினார். பிள்ளை திடுக்கிட்டான். பிஸ்கட் வேறு வழியில் போயிற்று. முகம் சிவந்து, கண் பிதுங்கி இருமத் தொடங்கினான். அலுவலர் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. “யாராவது வாங்க! சீக்கிரம் வாங்க!” என்ற அவர் குரலில் கனிவு இல்லை, பயம் இருந்தது. என் விரல் அவன் வாயை நோக்கிப் போனது.

17. அதே மாடியில் இருந்த குமிழி அக்கா ஓடி வந்தார். காதுப் பரிசோதனையின் ஹெட்ஃபோன் கழுத்திலேயே தொங்கியது. “வாய்க்குள்ள கை விடாதீங்க! சத்தமா இருமறான்ல, இருமட்டும்!” என்று மண்டியிட்டு, அவனை முன்பக்கமாகச் சாய்த்துப் பிடித்தார். “இருமு கண்ணா, நல்லா இருமு.” வெளியே வந்து விழுந்தது, மேசை விரிப்பில். அலுவலர் அதைத் தன் கைக்குட்டையாலேயே துடைத்தார். அவரும் பிள்ளை பெற்றவர் என்று அப்போது எனக்குத் தோன்றியது. அக்கா சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பளிங்குத் தரைதான், சுத்தமாகவே இருந்தது.

18. பிறகு அலுவலர், நல்ல மனதோடுதான், சமாதானமாக இன்னொரு பிஸ்கட்டை நீட்டினார். என் மகன் கையை வெளிப்பக்கம் தள்ளினான். முழுதாக, ஓர் எழுத்தும் குறையாமல், “வேணாம்” என்றான். அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அலுவலர் முகம் மலர்ந்து, “பேசறானே! தெளிவா பேசறானே! அப்புறம் எதுக்கும்மா தெரபி?” என்றார்.

19. ஒரே நாளில் இரண்டு கடிதங்கள் வீட்டுக்கு வந்தன. முதலாவது: ‘மேற்படி குழந்தை சுயமாக உணவு உட்கொள்வதும் தெளிவாகப் பேசுவதும் நேரில் கண்டறியப்பட்டதால் சிகிச்சை நிறைவுற்றதாகக் கருதப்படுகிறது.’ இரண்டாவது: ‘மேற்படி குழந்தைக்கு உணவு உட்கொள்கையில் மூச்சுத் தடை ஏற்படும் அபாயம் நேரில் கண்டறியப்பட்டதால் மருத்துவமனை வளாகத்தில் உணவுத் தடை மேலும் கண்டிப்புடன் செயல்படுத்தப்படும்.’ இரண்டிலும் ஒரே கையொப்பம், நிர்வாக அலுவலருடையது. ஒரு பிஸ்கட்டில் என் மகன் தேர்ச்சியும் பெற்றான், தடையும் பெற்றான். என் கணவர் இரண்டையும் படித்துவிட்டு, “இதுல எந்த லெட்டரைக் காட்டிச் சந்தோஷப்படறது?” என்று கேட்டார். அன்று இரவு அவரும் சாப்பிடவில்லை.

20. எடை முள் நின்றுவிட்டது. அறுவை சிகிச்சைப் பிரிவு அடுத்த மாதத்துக்கு நாள் குறித்துவிட்டது. குழந்தை நல மருத்துவர் தாமே நிர்வாகத்துக்கு எழுதிக் கேட்டும் பதில் இல்லை என்றார். குழாய் அவசியமானால் பொருத்தத்தான் வேண்டும், அதை எதிர்த்து நான் எழுதவில்லை. தரை அழுக்காகிறது என்பதற்காகப் பொருத்த வேண்டாம் என்றே எழுதுகிறேன்.

21. கடந்த சில நாட்களாக மகனை என் அறிவிப்பு அறைக்கே அழைத்து வருகிறேன். கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் கேட்காது. மசித்த உருளைக்கிழங்கு டப்பாவை அவன் பக்கம் திறந்து வைத்துவிட்டு, தங்கள் அலுவலர் காட்டிய முறைப்படி, அவனைப் பார்க்காமல் நான் பாட்டுக்கு என் ரொட்டியைத் தின்கிறேன். முந்தாநாள் வடக்கு வண்டிக்கு, “இன்னும் சற்று நேரத்தில் வந்து சேரும்” என்று அறிவித்துவிட்டுத் திரும்பினால், அவன் டப்பாவுக்குள் விரலை விட்டு வழித்துத் தின்றுகொண்டிருக்கிறான். விழுங்கினான். இருமவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, “இன்னும்” என்றான்.

22. மைக்கை அணைக்க மறந்திருந்தேன். அந்தச் சொல் எல்லா நடைமேடைகளிலும் ஒலித்தது. வெகுநேரமாக வடக்கு வண்டிக்குக் காத்திருந்தவர்கள் அதைத் தங்களுக்கான அறிவிப்பாக எடுத்துக்கொண்டார்கள். “ஆமா, இன்னும் வரல! அதை மைக்ல வேற சொல்லணுமா?” என்று ஒரு பெரியவர் என் அறையின் கண்ணாடியைத் தட்டினார். நிலைய மேலாளர் என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறார். அவருக்கு எழுத வேண்டிய பதிலையும் இந்த மனுவோடு சேர்த்தே எழுதி முடித்தேன். அதில் வருத்தம் தெரிவித்திருக்கிறேன். வருத்தம் எனக்கு இல்லை.

23. எனவே தாங்கள் இரக்கத்தோடு பரிசீலித்து,

(அ) லிஃப்ட்டுக்குப் பின்னாலுள்ள அறையிலிருந்து தேநீர்க் கோப்பைகளை அகற்றி, பிள்ளைகளையும் அவர்களது டிபன் பாக்ஸ்களையும் அனுமதிக்குமாறும்,

(ஆ) அந்த அறைக்குக் கறைபடும் உரிமையை எழுத்துமூலம் வழங்குமாறும் (துடைக்கும் துணியை நாங்களே கொண்டுவருவோம்),

(இ) பத்தி 19-இல் கண்ட நிர்வாக அலுவலரின் இரண்டு கடிதங்களில் எதையாவது ஒன்றையோ, இரண்டையுமோ திரும்பப் பெறுமாறும்,

(ஈ) குமிழி அக்காவுக்கு அனுப்பிய மெமோவை ரத்து செய்து, அவரைப் பழைய பணியில் அமர்த்துமாறும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

24. நான்கில் எல்லாவற்றையும் உடனே செய்ய இயலாதெனில் கடைசியை மட்டுமாவது செய்யுங்கள். காரணம் இதுதான். என் மகன் ‘இன்னும்’ என்று கேட்ட பிறகு நடந்ததை நான் மேலே எழுதவில்லை. இன்னும் எவ்வளவு கொடுக்கலாம், எவ்வளவு கெட்டியாகக் கொடுக்கலாம், இருமினால் எப்போது நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. பிஸ்கட் அன்று அவன் முகம் சிவந்ததுதான் கண்ணில் நின்றது. பிறந்து மூன்று வருடத்தில் முதல்முறையாகச் சாப்பாடு கேட்ட பிள்ளையின் முன்னால் நான் டப்பாவை மூடினேன், ஐயா. அவன் அழவில்லை. மூடிய டப்பாவின் மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தான். அவனுக்குப் பதில் சொல்லத் தெரிந்தவர் தங்கள் கட்டடத்திலேயே, ஒரு மாடி மேலே இருக்கிறார். அவரைக் கீழே அனுப்பிவையுங்கள்.

இடம்: அறிவிப்பு அறை, பேருந்து நிலையம்.
நாள்: திங்கட்கிழமை, காலைமுறை முடிந்ததும்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
பயில்வானின் அம்மா

நகல்: குழந்தை நல மருத்துவர் அவர்களுக்கு, நன்றியுடன்.